பருவம் முடிந்ததும் பவர் வீடர் டேங்கைக் காலி செய்யுங்கள்

வைகாசி, ஆனியில் நட்ட மஞ்சள் ஐப்பசிக்குள் இலை விரித்துப் பாரை மூடிவிடும். அதன் பிறகு வரிசைகளுக்கு இடையே பவர் வீடரை ஓட்ட இயலாது. அடுத்த நடவு வரை ஏழெட்டு மாதம் அந்த இயந்திரத்துக்கு வேலை இல்லை. பருத்தி, நிலக்கடலை, மரவள்ளி பயிரிடுவோர் வீட்டிலும் ஏறத்தாழ இதே நிலைதான். பெட்ரோல் எஞ்சின் பொருத்திய இந்தச் சிறு இயந்திரங்கள் ஆண்டில் சில வாரங்கள் உழைக்கின்றன. மீதிக் காலமெல்லாம் கொட்டகையில் நிற்கின்றன. பழுது என்று கொண்டுவரப்படும் இயந்திரங்களைப் பிரித்துப் பார்த்தால், உழைத்துக் கெட்டவற்றைவிடச் சும்மா நின்று கெட்டவையே அதிகம் என்பது என் அனுபவம்.

2024-ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். ஒன்றரை ஏக்கர் மஞ்சள் வைத்திருந்த ஓர் அம்மாள், மானியத்தில் வாங்கிய பவர் வீடரை வாசலில் நிறுத்தி வைத்திருந்தார். மூன்று நாளாகக் கயிறு இழுத்து அவருடைய மகனுக்குத் தோள்பட்டை வீங்கியதுதான் மிச்சம். எஞ்சின் ஒரு தடவைகூட இருமவில்லை. தோட்டத்தில் கோரையும் அருகும் மஞ்சள் முளைக்கு மேலே நின்றன. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினோம். கிண்ணத்தின் அடியில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளைத் தூள். அதன் மேல் வெல்லப்பாகு காய்ந்ததுபோல் பழுப்பு நிறப் பசை. ஊசி முனையைவிடச் சிறிய துளை கொண்ட பித்தளை ஜெட் முற்றிலும் அடைத்துப் போயிருந்தது. கிண்ணத்தின் உலோகமே அரித்துக் குழி விழுந்திருந்ததால் கார்புரேட்டரை மாற்றுவதைத் தவிர வழியில்லை. அது கோவையிலிருந்து வந்து சேரும் வரை களை காத்திருக்கவில்லை. ஆள் வைத்துத்தான் எடுத்தார்கள்.

அந்த அம்மாள் என்னிடம் கோபப்படவில்லை. "ஏனுங்க சார், நீங்க பயிற்சியில சொன்னாப்புலதானுங்களே டேங்க் நெறையா பெட்ரோல் ஊத்தி வெச்சேன்?" என்று மட்டும் கேட்டார்.

அவர் சொன்னது உண்மை. வேலை முடிந்தால் டேங்கை நிரப்பி வையுங்கள் என்று பல ஆண்டுகள் நான் பயிற்சிகளில் சொல்லி வந்திருக்கிறேன். அந்த யோசனை இன்றைய பெட்ரோலுக்குப் பொருந்தாது. என்னிடம் அதைக் கேட்டு இன்னமும் கடைப்பிடித்து வருபவர்கள் இந்த ஆண்டிலிருந்து விட்டுவிட வேண்டும்.

பெட்ரோல் மாறிவிட்டது

முன்பு அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. பாதி காலியான டேங்கில் காற்று இருக்கும். காற்றில் ஈரம் இருக்கும். இரவுக் குளிரில் அந்த ஈரம் இரும்புச் சுவரில் வியர்த்து, துருப்பிடிக்கும். டேங்க் நிறைந்திருந்தால் காற்றுக்கு இடமில்லை. தப்பித் தவறி நீர் இறங்கினாலும் பெட்ரோலோடு அது கலக்காது. அடியில் தனியாகத் தங்கும், வடித்து விடலாம்.

இன்று பங்கில் வாங்கும் பெட்ரோல் தனிப் பெட்ரோல் அல்ல. அதில் எத்தனால் எனும் சாராயம் கலந்திருக்கிறது. தமிழ்நாடு உள்பட சில மாநிலங்களில் 2003-ல் 5 சதம் என்று தொடங்கிய கலப்பு, நாட்டளவில் 2022-ல் 10 சதத்தை எட்டியது. 2025-ல் 20 சதத்துக்கு வந்துவிட்டது. பங்கில் 'இ-20' என்று எழுதியிருப்பது இதைத்தான். கரும்பு, மக்காச்சோளம், அரிசி இவற்றிலிருந்து எடுப்பது எத்தனால். ஆகவே உழவனுக்கும் அதில் பங்கு உண்டு. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. அன்றாடம் ஓடும் மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் தேங்குவதே இல்லை. மாதக்கணக்கில் நிற்கும் எஞ்சினில்தான் தொல்லை.

எத்தனாலுக்குத் தண்ணீரின் மேல் தீராத ஆசை. காற்றிலுள்ள ஈரத்தையும், மூடி வழியாக இறங்கும் மழைத் துளியையும் அது தன்னோடு சேர்த்துக் கொள்ளும். ஓர் அளவு வரை இது கண்ணுக்குத் தெரியாது. அந்த அளவைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துப் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். குளிர்ந்தால் இன்னும் சீக்கிரம் பிரியும். நமக்கோ ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை, மார்கழியில் குளிர். இயந்திரம் சும்மா நிற்கும் காலமும் அதுவேதான்.

பயிற்சிகளில் நான் இதை ஒரு கண்ணாடிப் புட்டியில் செய்து காட்டுகிறேன். புட்டியில் கால் பங்கு தண்ணீர் விட்டு, அதன் மட்டத்தில் கோடு போட்டு, மேலே பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி வைத்தால், சிறிது நேரத்தில் தண்ணீர் மட்டம் கோட்டுக்கு மேலே ஏறி நிற்கும். தண்ணீர் பெருகிவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். பெட்ரோலிலிருந்த எத்தனால் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துவிட்டது என்பதே உண்மை. டேங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாய் டேங்கின் அடியில் இருக்கிறது. ஆகவே பிரிந்து இறங்கிய இந்தக் கலவைதான் முதலில் கார்புரேட்டருக்குப் போகும். அது அலுமினியத்தையும் துத்தநாகக் கலவை உலோகத்தையும் அரிக்கும். அந்த அம்மாளின் கார்புரேட்டரில் கண்ட வெள்ளைத் தூள் இந்த அரிப்பினால் வந்தது. பழுப்புப் பசை வேறு. அது பெட்ரோல் ஆவியானபின் எஞ்சும் கசடு. எத்தனால் கலக்காத காலத்திலும் அது உண்டு.

எங்கள் இயந்திரம் இ-20 பெட்ரோலுக்கு ஏற்றது என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். அந்தப் பெட்ரோலில் ஓட்டலாம் என்பதே அதன் பொருள். அதை எட்டு மாதம் தேக்கி வைக்கலாம் என்பது பொருளல்ல.

கடைசி நாள் வேலை

பருவத்தின் கடைசிக் களையெடுப்பு முடிந்த அன்றே, அல்லது மறுநாள் காலையில், ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். 'அப்புறம் பார்க்கலாம்' என்று விட்ட இயந்திரத்தைப் பொங்கலுக்குக் கொட்டகை கூட்டும்போதுதான் பலரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

முதலில் மண்ணைச் சுரண்டி எடுங்கள். கத்திகள் சுழலும் தண்டில் நாரும் புல்லும் கயிறும் சுற்றிக் கொண்டிருக்கும். அவற்றைக் கத்தரித்து முழுவதும் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அவை கியர் பெட்டியின் ஆயில் சீலை அறுத்து ஆயில் கசிய வைத்துவிடும். கத்திப் பகுதியைத் தண்ணீர் விட்டுக் கழுவலாம். எஞ்சின் மேல் தண்ணீர் பீய்ச்சக் கூடாது, சூடாக இருக்கும்போது கூடவே கூடாது. எஞ்சினைச் சுற்றியுள்ள தகடு தகடான குளிர்விக்கும் பகுதியில் அடைந்த தூசியை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள்.

அடுத்தது பெட்ரோல். இதைத் திறந்த வெளியில், எஞ்சின் ஆறிய பிறகு செய்ய வேண்டும். பக்கத்தில் பீடியும் கூடாது, அடுப்பும் கூடாது. பெட்ரோல் காக்கை மூடி, ரப்பர் குழாயைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி, ஒரு கேனில் விட்டுக் காக்கைத் திறந்தால் டேங்க் தானே வடியும். வாயால் உறிஞ்சி எடுக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. வடித்த பெட்ரோல் தெளிவாக இருந்தால் அந்த வாரமே மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றிக் கொள்ளலாம்; வீணாகாது. அடியில் கலங்கலாகவோ இரண்டு படலமாகவோ தெரிந்தால் எந்த எஞ்சினுக்கும் ஊற்ற வேண்டாம்.

டேங்க் வடிந்ததும் குழாயைத் திரும்ப மாட்டி, காக்கைத் திறந்து வைத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்து, தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள். குழாயிலும் கிண்ணத்திலும் மிஞ்சியது எரிந்து தீரும். நிற்கப் போகும் நேரத்தில் சோக் கொடுத்தால் இன்னும் கொஞ்சம் ஓடும். இத்தோடு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஜெட்டுக்கு எட்டாத அடிப்பகுதியில் சிறிது பெட்ரோல் தங்கியே இருக்கும். கெடுதல் செய்வது அந்தச் சிறிதுதான். எஞ்சின் நன்றாக ஆறியபின் கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, அதையும் ஒரு டப்பாவில் சொட்ட விட்டு, மீண்டும் இறுக்குங்கள். டேங்க் இரும்பாக இருந்தால் உள்ளே இரண்டு கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டுச் சாய்த்துச் சாய்த்துச் சுவரில் படும்படி செய்து மூடிவிட்டால் துருப்பயம் இல்லை. அடுத்த பருவத்தில் ஸ்டார்ட் செய்யுமுன் அந்த ஆயிலை வடித்துவிட வேண்டும். பிளாஸ்டிக் டேங்குக்கு ஆயில் வேண்டாம்.

டீசல் எஞ்சின் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு டேங்கைக் காலி செய்யக் கூடாது. டீசலில் இந்த எத்தனால் கலப்பு இல்லை. அங்கே பழைய முறைப்படி டேங்கை நிரப்பி வைப்பதே நல்லது. காலியாக வைத்தால் குழாயில் காற்று புகுந்து, அடுத்த ஆண்டு காற்றை எடுத்தால்தான் எஞ்சின் பிடிக்கும்.

கறுத்த ஆயிலை எப்போது மாற்றுவது?

பெட்ரோல் தீரும் வரை ஓடியதில் எஞ்சின் ஆயில் இளகியிருக்கும். கை பொறுக்கும் சூட்டில் அதை வடித்தால் கசடு எல்லாம் சேர்ந்து வரும். ஆயிலைப் பருவத் தொடக்கத்தில் மாற்றுவதுதான் நம் விவசாயிகளின் வழக்கம். "எட்டு மாதம் சும்மா இருக்கப் போகிற எஞ்சினுக்குப் புது ஆயில் எதற்கு?" என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமாகத் தோன்றும். ஆனால் உழைத்துக் கறுத்த ஆயிலில் எரிபொருளின் கசடும் அமிலமும் நீரும் கலந்திருக்கின்றன. எஞ்சின் ஓடும்போது சூட்டில் நீர் ஆவியாகிவிடும். நிற்கும்போது போக வழியில்லை. எட்டு மாதம் அது பேரிங்கிலும் சிலிண்டர் சுவரிலும் படிந்து அரித்துக் கொண்டிருக்கும். ஆகவே புது ஆயில் ஊற்ற வேண்டியது பருவ முடிவில். அந்த ஆயில் அடுத்த பருவத்துக்கு அப்படியே உதவும். இரண்டாவது செலவு இல்லை. இந்த அளவு எஞ்சின்கள் பலவற்றுக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். சரியான அளவையும் ரகத்தையும் கையேட்டில் பார்த்துக் கொள்ளவும். வடித்த ஆயிலை வாய்க்காலிலோ கிணற்று மேட்டிலோ கொட்டாமல் டப்பாவில் பிடித்து மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை இளம் பழுப்பாக இருந்தால் எஞ்சின் நலமாக இருக்கிறது. கறுத்துக் கரி படிந்திருந்தால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது அல்லது சோக் போட்டபடியே ஓட்டியிருக்கிறீர்கள். பெரும்பாலான எஞ்சின்களில் முனை இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. வரை இருக்கும். அளவுத் தகடு இல்லாதவர்கள், ஹாக்ஸா பிளேடு சற்றுத் தாராளமாக நுழைகிறதா என்று பார்த்துக் கொள்ளலாம். பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி புது எஞ்சின் ஆயில் விட்டு, துளையின் மேல் துணியைப் போட்டு, கயிற்றை மெதுவாக நாலைந்து தடவை இழுங்கள். பிஸ்டனும் ரிங்கும் சிலிண்டர் சுவரும் ஆயிலில் நனையும். பிளக்கை மாட்டிய பிறகு கயிற்றை இன்னொரு தடவை மெல்ல இழுத்து, கை கனக்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அந்த நிலையில் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். வெளி ஈரம் உள்ளே போகாது. இதற்கு ஒரு காசு செலவில்லை. செய்பவர்களும் மிகக் குறைவு. பிளக் வயரைக் கழற்றியே வைத்திருந்தால், சிறுவர்கள் விளையாட்டாகக் கயிற்றை இழுத்தாலும் ஆபத்தில்லை.

ஏர் ஃபில்டரில் நுரைப் பஞ்சு இருந்தால் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, சில சொட்டு எஞ்சின் ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டுங்கள். காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது. தரையில் மெல்லத் தட்டினால் போதும். கிழிந்திருந்தால் மாற்ற வேண்டும். பெல்ட் இருக்கும் இயந்திரத்தில் அதைத் தளர்த்தி வைக்கவும். கத்திகளுக்குக் கிரீஸ் தடவிவிட்டால் அவ்வளவுதான்.

எங்கே நிறுத்துவது?

மாட்டுக் கொட்டகை வேண்டாம். மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா ஆவி பித்தளையையும் செம்பையும் தின்னும். உர மூட்டைக்கு அருகிலும் வேண்டாம். மண் தரையில் நேரே நிறுத்தாமல் இரண்டு பலகைகளின் மேல் ஏற்றி வைக்கவும். மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றிக் கட்டுவதை எங்கும் பார்க்கிறேன். உள்ளே வியர்த்து, திறந்து வைத்த இயந்திரத்தைவிட அதிகமாகத் துருப்பிடிக்கிறது. பழைய வேட்டியோ சாக்கோ போர்த்துங்கள்.

எலிக்கு ஃபில்டர் பஞ்சு மெத்தை மாதிரி; வயர் அதற்குத் தீனி. சைலன்சர் வாயில் குளவி மண்கூடு கட்டும். அப்படிக் கட்டிய கூட்டைத் தெரியாமல், எஞ்சின் ஏன் மூச்சுத் திணறுகிறது என்று நான் ஒரு முழுக் காலையைச் செலவிட்டிருக்கிறேன். எஞ்சின் ஆறியபின் சைலன்சர் வாயைத் துணிப் பந்தால் அடைத்து, அதிலிருந்து ஒரு சிவப்புத் துணி வெளியே தொங்கும்படி விடுங்கள். அடுத்த ஆண்டு எடுக்க மறக்காமல் இருக்கத்தான் அந்தச் சிவப்பு.

புல் வெட்டும் கருவியும் கைத்தெளிப்பான்களும்

தோளில் மாட்டும் புல் வெட்டும் கருவி, விசைத் தெளிப்பான் போன்றவற்றில் பலவும் இரட்டை வீச்சு எஞ்சின்கள். பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றுகிறோம். இவற்றின் கார்புரேட்டரில் கிண்ணத்துக்குப் பதிலாக மெல்லிய சவ்வு இருக்கிறது. பெட்ரோல் காய்ந்தால் சவ்வு விறைத்துப் போகும். டேங்கைக் காலி செய்து, ரப்பர் குமிழை அமுக்கி உள்ளிருப்பதை வெளியேற்றி, பிறகு நிற்கும் வரை ஓட விடுங்கள். கலந்து வைத்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. லிட்டருக்கு எத்தனை மில்லி ஆயில் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். சிலவற்றுக்கு 20 மில்லி, சிலவற்றுக்கு 40 மில்லி. பக்கத்து வீட்டுக்காரர் அளவை நம்ப வேண்டாம். மருந்து டேங்கையும் குழாயையும் முனையையும் மூன்று தடவை தண்ணீரில் அலசி வைப்பது தனி வேலை. அதையும் அன்றே முடித்துவிடவும்.

தென்னந்தோப்பிலோ வாழையிலோ இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை இயந்திரத்தை எடுத்து ஓட்டுபவர்கள் இவ்வளவும் செய்யத் தேவையில்லை. வேலை முடியும் நேரத்தில் பெட்ரோல் காக்கை மூடிவிட்டு, எஞ்சின் தானே நிற்கும் வரை ஓட்டினால் போதும். சுவிட்சைத் தட்டி நிறுத்தும் பழக்கத்தை மட்டும் விட வேண்டும்.

நடவு முடிந்து முதல் களைக்கு இயந்திரத்தை எடுக்கும்போது சிவப்புத் துணியைப் பிடித்து அடைப்பை எடுங்கள். ஆயில் மட்டம் பாருங்கள். பெல்ட்டை இறுக்குங்கள். அன்று வாங்கிய புதுப் பெட்ரோலை ஊற்றி, கிண்ணம் நிறைய இரண்டு நிமிடம் விட்டு, பிளக் வயரை மாட்டிக் கயிற்றை இழுங்கள். முதலில் நீல நிறமாகப் புகை வரும். சிலிண்டரில் விட்ட ஆயில் எரிகிறது, பயப்பட வேண்டாம். சில நிமிடங்களில் புகை அடங்கிவிடும். அடங்காவிட்டால் எஞ்சினை நிறுத்தி, ஆயில் அதிகமாக ஊற்றியிருக்கிறதா என்று பார்க்கவும்.